கருப்பு மட்டும் பாக்கி

கும்பகோணம்,
12.3.2006, ஞாயிறு.

அன்புத் தோழி நசிமாவுக்கு,

நாரணாபுரத்து எழில் கொஞ்சம் கர்வத்தோடும் நிறைய ஆசையோடும் எழுதுவது. நீயும் ஆசிக் அண்ணனும் சௌக்கியம்தானே? ஷார்ஜாவில் குளிர் விட்டுவிட்டதா? இங்கே மாசி முடிவதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

முதலில் ஒரு கண்டிப்பான உத்தரவு. எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம் உனக்கு. இந்தத் தடவை அப்படிச் செய்தால், ஊருக்கு வரும்போது காதைத் திருகுவேன். கூட ஒரு தாளையும் மடித்து வைத்திருக்கிறேன். கடிதம் முடியும் வரை அதைப் பிரிக்காதே. நல்ல செய்திதான், பயப்படாதே. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. அதைப் படித்து என்னைத் திட்டி முடித்த பிறகுதான் நல்லது உன் கைக்கு வரும்.

மார்கழியில் போட்ட கடிதத்தில், அரையாண்டுத் தேர்வை நன்றாகச் செய்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது பொய். வண்ணத் தேர்வில் நான் ஃபெயில். ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் முழுக்கப் பென்சில் வேலை என்பதால் தப்பித்துவிட்டேன். இரண்டாம் வருஷம் வண்ணம் வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

நடந்ததைக் கேள். மேஜைமேல் ஒரு பித்தளைக் குடம், நான்கு கத்தரிக்காய், ஒரு பச்சைத் துண்டு. மூன்று மணி நேரம். மற்றவர்கள் எல்லாரும் குடத்துக்குக் குடத்தின் நிறத்தையும் காய்க்குக் காயின் நிறத்தையும் தட்டில் கலக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல மஞ்சளில் ஆரம்பித்தேன். குடத்துக்கு அழுத்தமாக, துண்டுக்கு லேசாக, காம்புக்கு ஒரு தொடல். அது காய்ந்ததும் சிவப்பு. பிறகு நீலம். கடைசிப் பத்து நிமிஷம் மிச்சமிருந்தது. தூரிகையைக் கருப்பில் தோய்த்து எடுத்துக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நசி. மணி அடிக்கும் வரை தூரிகையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வண்ண வகுப்பு ஆசிரியர் காசிராஜன் சார் தாளைத் தூக்கிப் பார்த்தார். குடம் ஏன் தண்ணீருக்குள் கிடப்பதுபோல மிதக்கிறது என்று கேட்டார். முதலில் எல்லாவற்றுக்கும் மஞ்சளைப் பூசியது ஏன் என்று கேட்டார். படம் என்றால் அப்படித்தானே சார் போடுவார்கள் என்று நானும் சொல்லித் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடத்தைத் தூக்கி யார் தலையிலாவது போட்டிருப்பேன்.

நீயே சொல், நமக்கு வேறு எப்படித் தெரியும்? உன் அத்தா சம்சு மாமா அச்சகங்களிலிருந்து வேஸ்ட் தாளை லோடு லோடாக வாங்கி, வெடிக்குழாய் சுருட்டுகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். நாம் அந்தக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வளர்ந்தோம். மெஷினை ஓட்டிப் பார்ப்பதற்காக அடித்த தாள்கள்தானே அவை எல்லாம். ஒன்றில் மகாலட்சுமி வெறும் மஞ்சளில் இருப்பாள். அடுத்ததில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருக்கும். இன்னொன்றில் நீலமும் ஏறி, அதன்மேலேயே ஒரு சோப்பு விளம்பரமும் மத்தாப்புப் பெட்டி லேபிளும் விழுந்திருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்து நாமாகவே கண்டுபிடித்தோம். மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. உலகத்தில் படம் போடுகிற அத்தனை பேரும் இந்த வரிசையில்தான் போடுகிறார்கள் என்று நம்பினோம். அவசரக்காரி நான் மஞ்சளும் சிவப்பும் போடுவேன். தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில் நான் அப்பிவிட்டுத் தள்ளியதை நீ வாங்கி, நீலமும் கருப்பும் போட்டுத் தருவாய். பத்து வருஷம் இப்படியே போனது. அந்தப் பத்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கருப்பைத் தொட்டதில்லை என்பது அந்தத் தேர்வு அறையில்தான் எனக்கே தெரிந்தது.

ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு ஒரு பெரிய படம் வைக்க வேண்டும், அது தேறினால்தான் மூன்றாம் வருஷம் போகலாம் என்று சார் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் வகுப்பும் போகும், விடுதியில் இடமும் போகும். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. சொன்னால் நீ உன்னால்தான் என்று நினைத்து அழுதுகொண்டிருப்பாய்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. சோறு போட்டுக்கொண்டே, "ஏ புள்ள, படிப்பு ஒத்துவரலைன்னா சொல்லு. எங்க கம்பெனியில லேபிள் ஒட்ட ஆள் கேக்காக. வேன்ல ஒரு எடம் கெடக்கு" என்றாள். என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கே போனேன். அம்மாவும் வள்ளித்தாய் அத்தையும் மற்றவர்களும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, எத்தனை தரம் தேய்த்துக் கழுவினாலும் அந்த அலுமினியப் பவுடர் போகாது. நகக்கண்ணிலும் ரேகையிலும் வெள்ளி அப்படியே நிற்கும். சின்ன வயதில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் டீச்சரிடம் பேசுவாள். அன்று பக்கவாட்டு வெயில் வேனுக்குள் விழுந்ததும் பதினான்கு ஜோடிக் கைகளும் ஒன்றாக மின்னின. இதுதான் என் படம் என்று அங்கேயே முடிவு செய்தேன். இருபது நாட்டுச் சித்திரங்களைப் புத்தகத்தில் பார்த்து வராத ஆசை இந்த ஓட்டை வேனைப் பார்த்து வந்தது.

விடுமுறை முடிந்து திரும்பியதும், என் வரிசையிலேயே போடுகிறேன் என்று காசிராஜன் சாரிடம் சண்டை பிடித்தேன். உன் இஷ்டம், ஆனால் மிதந்தால் என்னைக் கேட்காதே என்றார். ஆறடிக்கு நாலடித் துணி. பத்து நாள் வெறும் மஞ்சள். மஞ்சத்தண்ணி என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். சிவப்பு ஏறியது. நீலம் ஏறியதும் முகங்கள் தெரிந்தன, கேலியும் குறைந்தது. பிறகு மறுபடியும் அதே கதை. நான்கு நாள் கருப்பைக் கையில் வைத்துக்கொண்டு துணியின் முன்னால் நின்றேன். ஒரு புள்ளிகூட வைக்க வரவில்லை. ஒப்படைக்க இன்னும் மூன்றே நாள். வேனில் கிடக்கிற அந்த இடம் எனக்குத்தான் என்று ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் பெட்டியைக் குடைந்து நம் ஆட்டுப் படத்தை எடுத்தேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாம் கடைசியாகச் சேர்ந்து போட்டது. அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், ஆனால் கருப்பை மட்டும் தேடிப் பார்த்தது அன்றுதான். நீ எங்கெல்லாம் வைத்திருக்கிறாய் என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பதினோரு இடம். வெறும் பதினோரு இடம்! கண்ணில், தாடைக்கு அடியில், குளம்பு தரையைத் தொடுகிற இடத்தில். பாக்கி எல்லா இடத்தையும் தொடாமல் விட்டிருக்கிறாய். அந்த ஆடு தரையில் நிற்பதற்கு அந்தக் குளம்படிக் கோடு போதுமாக இருந்தது. கருப்பு எங்கே வேண்டும் என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கே வேண்டாம் என்பதல்லவா உன் கைக்குத் தெரிந்திருக்கிறது!

ஓடிப் போய்த் தூரிகையை எடுத்தேன். மடிப்புகளுக்கு அடியில், இமைக்குக் கீழே, தூக்குவாளியின் வளைவில். கைகளுக்கு மட்டும் எந்த நிறமும் ஏற்றாமல், வெள்ளிப் பூச்சு வாங்கி வைத்திருந்தேன். அதைத் திறக்கவே இல்லை. விரல்களைத் துணியின் வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் கொஞ்சம் கருப்பை இறக்கியதும் அவை தாமாகவே மின்ன ஆரம்பித்தன. நான் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

இப்போது நல்ல செய்தி. முதல் பரிசு, நசி! நாலு வருஷத்து மாணவர்களும் கலந்துகொண்ட கண்காட்சியில் முதல் பரிசு! சென்னையிலிருந்து வந்த நடுவர்களில் ஒரு அம்மா, கைகளின் வெள்ளிக்கு என்ன பொருள் சேர்த்தாய் என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றதும் மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். படத்தின் கீழே சீட்டில் என் பெயரும், அதற்கடியில் ‘கருப்பு: நசிமாவிடம் கற்றது’ என்றும் எழுதி வைத்திருந்தேன். யார் இந்த நசிமா, எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேட்டார். பேப்பர் கட்டின் மேல் என்று சொன்னேன். படம் சித்திரையில் சென்னைக் கண்காட்சிக்குப் போகிறது. நான் மூன்றாம் வருஷம் போகிறேன். காசிராஜன் சார் முதல் வருஷப் பிள்ளைகளை அழைத்து வந்து, இவள் மஞ்சளில் ஆரம்பிப்பதைக் கவனியுங்கள் என்கிறார். மஞ்சத்தண்ணி என்ற பெயர் மட்டும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

போன ஞாயிறு அம்மாவும் வள்ளித்தாய் அத்தையும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அத்தை படத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏ மூக்கம்மா, எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்று சண்டைக்கு வந்தாள். நான் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். அம்மா படத்துக்குக் கிட்டே போனாள். ரொம்ப நேரம் அந்தக் கைகளையே பார்த்தாள். அப்புறம் முந்தானைக்குள் வைத்திருந்த தன் கையை வெளியே எடுத்து, அங்கே நின்ற எல்லாருக்கும் எதிரில் படத்தின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். மார்கழியில் ஃபெயிலானதையும் அப்போதே சொல்லிவிட்டேன். "சரி, இப்ப என்ன? வேன்லதான் எடமில்லையே, எங்களையெல்லாம் ஏத்தி நெரப்பிட்டேல்ல" என்றாள்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். வரைவதெல்லாம் அந்தக் காலம், கை மறந்துபோய்விட்டது என்று எழுதியிருந்தாய். உன் கடித உறையை நான் கிழித்துப் பிரித்தேன். உள்பக்கம் நீ பேனாவை எழுதிப் பார்த்த கிறுக்கல் இருந்தது. எல்லாரும் பேனாவை எழுதிப் பார்த்தால் சுழி வரும். உனக்கு ஒரு பூனையின் காதும் மூன்று மீசை முடியும் வந்திருக்கிறது. யாரிடம் கதை விடுகிறாய்?

அதனால் இப்போது அந்தத் தாளைப் பிரித்துப் பார். சம்சு மாமா கடையேதான். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் போட்டிருக்கிறேன், சிவப்பு போட்டிருக்கிறேன், உன்னைப் பார்த்துப் பார்த்து நீலமும் போட்டிருக்கிறேன். கருப்பு போட எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் போட மாட்டேன். ஆசிக் அண்ணன் கடையில் ஒரு கருப்பு மைப் பேனா இல்லாமலா போகும்? அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லி, ஒன்று எடுத்துத் தரச் சொல்.

படைத்தவன் உன் கைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். சீக்கிரம் போட்டு அனுப்பு, நசி. நம் இரண்டு பேருக்கும் இன்னும் கண் இல்லை.

உன் மஞ்சளும் சிவப்புமான,
எழில்