மாப்பிள்ளைக் காருக்குக் கொடுத்த சான்று

கொடைக்கானல்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் டெனிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் கேத்தரினும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்பாய், பின்னால் பாப்பா அழும், வைத்துவிடுவாய். இது அப்படி வைத்துவிடுகிற விஷயம் இல்லை. இங்கே பத்து நாளாக விடாத மழை, துணி ஒன்றும் காயவில்லை, பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சர்க்கரை மட்டும் குறைந்திருக்கிறது, பேக்கரிக்குப் போக மழை விடவில்லை, அதனால்தான். சனி ஞாயிறு வந்தால் ஏரியைச் சுற்றி வெளியூர் வண்டிகள் நகராமல் நிற்கின்றன, பூசைக்கு நடந்தே போய் வருகிறோம். அதெல்லாம் இருக்கட்டும், ஜீப் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அயர்லாந்துக்குப் போகும் முன்னால் அந்த ஜீப்பை வத்தலக்குண்டில் செல்வமுருகன் பட்டறையில் போட்டு, நீயும் அவனுமாக ஒரு மாதம் நோண்டினீர்களே. டர்போ மாட்டினீர்கள், மேட்டில் சீறிக்கொண்டு ஏற வேண்டும் என்று டீசல் கூடுதலாகப் பாயும்படி பம்பைத் திறந்துவிட்டீர்கள், இருந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு நேர்க் குழாயை வைத்து அதன் வாயைப் பின்கதவுக்குக் கீழே கொண்டுவந்து விட்டீர்கள். எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, நான் சொன்னேன், நீ சிரித்தாய். இப்போது அதே ஜீப்பில்தான் ஜூன் மாதத்திலிருந்து பள்ளங்கிப் பிள்ளைகள் ஆறு பேரைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வந்து சாயங்காலம் கொண்டுபோய் விடுகிறார் அப்பா. அதில் கடைசி சீட்டில், பின்கதவை ஒட்டி உட்காருகிறது சுஜிதா என்கிற ஆறு வயசுப் பிள்ளை. அம்மா பெயர் புவனா, கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். அந்தப் பிள்ளை தினமும் தலைவலிக்கிறது என்று சொல்லும், வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுக்கும். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். மோந்துகொண்டே வரட்டும் என்று தினமும் ஒரு எலுமிச்சம்பழத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டவள் நான்தான். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு வளைவில் குமட்டும், சரி. பள்ளங்கியிலேயே பிறந்து வளைவிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஏன் குமட்ட வேண்டும் என்று முப்பது வருடம் அறிவியல் டீச்சராக இருந்த எனக்குத் தோன்றவில்லை பார், புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

போன வாரம் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை ஏற்றி வருகிற வண்டிக்கெல்லாம் புகைச் சான்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதை உன்னிடமும் சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வெள்ளனே நானும் அவரும் வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். புகை பார்க்கிற கடைக்காரன் செந்தில்வேல், நாங்கள் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே சான்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நம் வண்டி நம்பர், நம் வண்டியின் படம், தேறியது என்ற அச்சு, எல்லாம் இருக்கிறது. இது எப்படியப்பா என்று கேட்டால், டெனிஸ் அண்ணன் நேத்தே போன் போட்டுட்டாருங்கம்மா, போட்டோவும் அனுப்பிட்டாரு, நீங்க டீயக் குடிச்சிட்டு வெரசா மலையேறுங்க என்கிறான். அப்படியானால் புகையை எதில் பார்த்தாய் என்றேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் மூலையில் நின்ற ஒரு வெள்ளைக் காரைக் காட்டுகிறான். அதற்குப் பெயர் மாப்பிள்ளையாம். எந்த வண்டி வந்தாலும் வந்த வண்டியைப் படம் பிடிப்பார்களாம், புகை அளக்கிற கம்பியை மட்டும் மாப்பிள்ளையின் குழாயில் சொருகுவார்களாம். லாரி, வேன், நம் ஜீப் எல்லாம் அந்தக் காரின் மூச்சில்தான் தேறுகின்றன. மாப்ள இதுவரைக்கும் பெயிலே ஆனதில்லங்கம்மா என்று பெருமை வேறு. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, பெண்பிள்ளை நடுரோட்டில் துப்பக் கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் வண்டியில் வைத்துப் பார் என்றேன். பாஸான வண்டிய யாராச்சும் டெஸ்ட் பண்ணுவாங்களாம்மா என்று சிரித்தான். அப்பாவும், விடு கித்தேரி, அதான் சான்று வந்தாச்சே, ஆயிரம் சோலி கெடக்கு என்றார். நான் நகரவில்லை. கடைசியில் அவன் முனகிக்கொண்டே கம்பியைக் கொண்டுவந்து நம் குழாயில் சொருகினான், அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அந்த நேரம் பார்த்துக் குடையை எடுக்கப் பின்னால் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மிதிக்கே பின்கதவு இடுக்கு வழியாகக் கறுப்பாக உள்ளே வந்தது. கண் எரிந்தது, வாயெல்லாம் டீசல் ருசி, நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறித்தது. இறங்கிக் கடை வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மீட்டர் எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றதை அப்புறம் கூப்பிட்டுக் காட்டினார்கள், எனக்கு அது தேவைப்படவில்லை. வாந்தி எடுத்து நிமிரும்போதே அந்தப் பிள்ளைக்கு என்ன என்று புரிந்துவிட்டது.

டெனிஸ், எனக்கு எல்லார் மேலும் அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கடைக்காரன் மேலும் இருக்கிறது, பையன் ஆசைப்பட்டுப் பண்ணுனது பிரிக்க மனசு வரல என்று கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டிய உன் அப்பா மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. உன் மேல்தான் அதிகம். நீ அங்கே பார்க்கிற வேலை என்ன? வண்டிகளுக்குப் புகை பார்க்கிற இடத்தில் சீருடை போட்டுக்கொண்டு நிற்கிறாய். போன கிறிஸ்துமஸுக்கு நீயே சொன்னாய், ஒருத்தர் வண்டி தேறவில்லை, கெஞ்சினார், நான் விடவில்லை என்று. அதைப் பங்குக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் நெஞ்சும் நுரையீரலும் இருக்கிறதா, பள்ளங்கிப் பிள்ளைகளுக்கு ஆண்டவர் வைக்க மறந்துவிட்டாரா? அப்பாவை அலையவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்பாய். அலைந்தால் அலைந்துவிட்டுப் போகிறார். அந்தச் சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன், நீ வேலை பார்க்கிற இடத்தில் உன் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டி வை.

திங்கட்கிழமை செல்வமுருகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கச் சொன்னேன். டர்போவை எடுத்துவிட்டான், பம்பை மூடினான், தகரத்தடியில் கிடந்த பழைய சைலன்சரை மாட்டிக் குழாயை வண்டிக்கு வெளியே நீட்டிவிட்டான். இனி மேட்டுல இழுக்காதும்மா, டெனிஸ் என்னத்தான் வைவான் என்றான். வைதால் வாங்கிக்கொள், நீயும் சேர்ந்துதானே செய்தாய் என்றேன். நேற்று வேறு ஒரு கடையில் நம் குழாயிலேயே கம்பியைச் சொருகிப் பார்த்தார்கள், நான் கடைசி சீட்டை விட்டு இறங்கவில்லை. முதல் தடவை தேறவில்லை. பம்பை இன்னும் கொஞ்சம் மூடி இரண்டாம் தடவை தேறியது. பெருமாள்மலை ஏற்றத்தில் வண்டி மாடு மாதிரி முக்கி முக்கி ஏறுகிறது.

சாயங்காலமே புதுச் சான்றோடு பள்ளங்கிக்குப் புவனா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமையே போயிருக்க வேண்டும். வண்டியைச் சரிபண்ணிவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், வேறொன்றுமில்லை, பயம்தான். வண்டி பட்டறையில் நின்ற மூன்று நாளும் பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள். சுஜிதாவுக்குத் தலைவலி இல்லை, வாந்தி இல்லை. அதைப் பார்த்துப் புவனா என்ன நினைத்தாள் தெரியுமா? அதே ரோடு, அதே வளைவு, பஸ்ஸில் வராத வாந்தி ஜீப்பில் மட்டும் வருமா, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட இத்தனை நாளும் நடித்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். நான் வண்டிப் புகையைப் பற்றிச் சொல்லி முடித்ததும், டீச்சர், நேத்துக்கூட வெளக்குமாத்தால அடிச்சேனே டீச்சர் என்றாள். பிள்ளையின் காலில் தடம் இருந்தது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுஜிதா, அப்ப நான் பொய் சொல்லலதானே என்று கேட்டது. இல்லை தங்கம், நீ பொய் சொல்லவில்லை என்றேன். வண்டிய யாரு அப்படிப் பண்ணுனது என்றது. என் மகன் என்றேன். அவங்களுக்கு இது தெரியுமா என்றது. தெரியாது, நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும், பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போட்டு வெளியே கொண்டுபோ. கேத்தரினை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். இவ்வளவு கோபத்திலும் ஜெபமாலையில் உன் பேரை நான் ஒருநாளும் விட்டதில்லை, ஆண்டவருடைய கை உங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்கட்டும். புவனாவின் போன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இங்கே ஆறு மணி ஆனால் தோட்டத்திலிருந்து வந்துவிடுவாள். அவளிடம் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடச் சொல், பிள்ளையிடம் நீயே பேசு. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். அதற்கு முன்னால் இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதே, மணி அடித்தாலும் நான் எடுக்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
கித்தேரியம்மாள்.