உப்பைத் தள்ளினால் போதும்

அன்புள்ள வாலுவுக்கு,

"அக்கா, நான் நடிக்கிறேனா?" என்று போனில் கேட்டாயே. வகுப்பில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்தவள், "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன். நீ நடிக்கவில்லை.

கண் தெரியாத மாதிரி நடிக்கிறாய் என்று சொன்ன உன் மருமகளையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பார்லரைத் திறந்ததும் வந்த பெண்ணுக்கு ஒரு புருவத்தில் பாதியைக் காணாமல் போகச் செய்துவிட்டாய். அதே நீ, பிற்பகலில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு முடி பிசகாமல் நூல் பிடித்தாய். "அதெப்படி அத்தை, உங்க கண்ணு லஞ்சுக்கு அப்புறம்தான் டூட்டிக்கு வருமா?" என்று அவள் கேட்டதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிவிட்டேன், எங்காவது ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று நீ சொன்னதும்தான் சிரிப்பு நின்றது.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றினேன். கடைசியில் கடைக்காரரே, "டீச்சர், காலையில வந்தா சண்டை போடுறீங்க, சாயங்காலம் வந்தா சிரிச்சுட்டுப் போறீங்க. கோளாறு கண்ணாடியில இல்ல" என்று கும்பிடு போட்டார்.

அவர் சொன்னது சரி. கருவிழிக்கு முன்னால் தெளிவான படலம் ஒன்று இருக்கிறது. அது எப்போதும் தாகமாக இருக்கும் பொருள். கண்ணுக்குள் இருக்கும் நீர் விடாமல் அதற்குள் கசியும். ஊறினால் படலம் தடித்துப் பனி மூடிவிடும். ஊறாமல் காப்பது அதன் உட்புறத்தில் குளியலறை ஓடு பதித்த மாதிரி நெருக்கமாக நிற்கும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள்.

அவை எப்படிக் காக்கின்றன தெரியுமா? தண்ணீரைப் பிடித்துத் தள்ளும் வித்தை எந்தச் செல்லுக்கும் தெரியாது. உப்பைத்தான் தள்ளத் தெரியும். படலத்திலிருந்து உப்பைக் கண்ணின் உட்பக்கம் தள்ளுகின்றன. உப்பு கூடிய பக்கம் தண்ணீர் தானாகப் போய்விடுகிறது. வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவி வைத்தால் தட்டில் நீர் கோத்து நிற்குமே, அதே கதைதான். சவ்வூடு பரவல் என்று நான் பலகையில் எழுதிப் போட்டது இதைத்தான். குடலும் சிறுநீரகமும்கூட இப்படி உப்பைத் தள்ளித்தான் தண்ணீரை வரவழைக்கின்றன. நாம் தூங்கினாலும் சண்டை போட்டாலும் அந்த வேலை நிற்பதில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நம் குடும்பத்துக் கண்களில் அந்தச் செல்கள் சீக்கிரம் குறைந்துவிடுகின்றன. புதிதாகவும் முளைக்காது. இருப்பவை அகன்று பரவி இடைவெளியை மூடிக்கொண்டு, ஆள் பற்றாத ஆபீஸ் மாதிரி வேலையை ஓட்டுகின்றன. பகலில் கண் திறந்திருப்பதால் கண்ணீர் ஆவியாகி உப்புக் கூடி, முன்பக்கமிருந்தும் நீரை இழுத்து உதவுகிறது. இரவில் இமை மூடியதும் அந்த உதவி இல்லை. விடியும்போது படலம் ஊறி, பனி. மதியத்துக்குள் தெளிவு. இதுதான் உன் லஞ்ச் டூட்டி.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை, "உப்பையா கண்ணுல ஊத்துவாங்க, என்ன அநியாயம்!" என்று ஜன்னல் வழியே எறிந்தாயாமே. அது முன்பக்கமிருந்து நீரை இழுக்கத்தான். எரியும், பொறுத்துக்கொள். கையோடு இன்னொரு புட்டி வாங்கு.

அறுவை சிகிச்சைக்கு நீ ஏன் பயப்படுகிறாய் என்று தெரியும். யாரோ இறந்தவருடைய கண் நமக்கெதற்கு என்கிறாய். எனக்கு வலது கண்ணில் வைத்தாயிற்று. முழுக் கண் இல்லை, அந்தச் செல்கள் ஒட்டியிருக்கும், முடியைவிட மெல்லிய ஏடு. உள்ளே ஒரு காற்றுக்குமிழி விட்டு அதை ஒட்டவைத்தார்கள். குமிழி கரையும்வரை மல்லாந்து கூரையையே பார்த்துக் கிடந்தேன். உன் மாமா ஸ்பூனும் கையுமாக, "வாயைத் தொற, ஏரோப்ளேன் வருது" என்று பாதியை என் கழுத்தில் இறக்கினார். ஆனால் சில வாரங்களில் ஒரு காலை, எழுந்ததும் ஜன்னல் கம்பியில் இருந்த துரு தெரிந்தது. முகம் தெரியாத அந்த மனிதரின் செல்கள், இது யார் வீடு என்று கேட்காமல், வந்த இடத்தில் உப்பைத் தள்ளத் தொடங்கியிருந்தன. அன்றைக்கு நான் அழுதேன்.

அடுத்த மாதம் எனக்கு இடது கண். நீயும் வா, பக்கத்துக் கட்டிலில் படு. இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டே வம்பளக்கலாம். உன் கண்ணும் உன் வீடும் தெளிவாக இருக்கட்டும்.

அதற்கு முன் ஒன்று மட்டும் செய். நாளைக் காலை எழுந்ததும் பெட்டியைத் தொடாதே. மருமகளைக் கூப்பிட்டு, பார்லரில் தலை உலர்த்தும் டிரையரை மிதமான சூட்டில், கை நீளத் தூரத்தில், உன் முகத்துக்கு நேராகச் சிறிது நேரம் பிடிக்கச் சொல். என் டாக்டர் சொல்லித்தந்த வழிதான்; கண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, ஊறிய நீரை இழுத்துவிடும். பனி விலகியதும் முதலில் அவள் முகத்தைப் பார்த்து, என்ன தெரிகிறது என்று அவளிடமே சொல்.

உன் அக்கா