இரவல் நாற்காலியும் நம் சங்கமும்

இன்று காலை எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, ஒரு நாலு குர்சி தருவீங்களா? எங்க சங்கத்துக்கு ஃபண்ட் குடுக்கிறவங்க மெயின்லேண்ட்ல இருந்து வர்றாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பாவம், அந்தப் பெண் பயந்தே போனாள். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

போர்ட் பிளேயரில் மின்னி பே என்கிற இடத்தில் மகளோடு இருக்கிறேன் இப்போது. வீட்டில் நாற்காலிக்குக் குறைவில்லை. அவள் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையைக் கடந்தாள் பார், அந்தக் காலத்தில் கட்சால் தீவில் கம்பவுண்டரின் நாற்காலியை நீ கொண்டுவந்த கோலம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. நான்கு காலும் வானத்தைப் பார்க்க, "வழி விடுங்கடி, சிம்மாசனம் வருது!" என்று ரப்பர் மரங்களுக்கு நடுவே கத்திக்கொண்டு வந்தாயே. அதனால்தான் தோழி, இதை உனக்கு எழுதுகிறேன். படிக்க நீ உயிரோடு இல்லை என்பது தெரியாமல் இல்லை.

எழுபதுகளில் நடந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கட்சாலில் ரப்பர் பால் வெட்ட வந்து சேர்ந்தவர்கள் நாம். ஊருக்குப் போய் ஆத்தாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெயின்லேண்ட் கப்பலில் போன என் வீட்டுக்காரன் திரும்பவே இல்லை. ரேஷன் கார்டும் சர்க்கார் கொடுத்த வீடும் அவன் பேரில். அரிசி வாங்கப் போனால், கார்டுக்காரர் எங்கே என்றார்கள். ஆம்பிளை இல்லாத வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சும் கிளம்பிவிட்டது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

நீதான் கொதித்தாய். "என்னாடி இது அநியாயம்! அங்க கொழுந்து எடுத்தது நாம, இங்க பால் வெட்டுறது நாம. வீடு மட்டும் ஓடிப்போனவன் பேர்லயா?" என்றாய். மறுநாளே பிரட்டுக்களத்தில், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் அந்த இடத்தில், நின்றுகொண்டே மாதர் சங்கத்தைத் தொடங்கிவிட்டாய். என்னைப்போல் விடப்பட்டவர்கள், புருஷனை இழந்தவர்கள் என்று ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். அவரவர் வீடு அவரவர் பேரில் வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அதைச் சொல்லப் போர்ட் பிளேயருக்குப் போக வேண்டும். கப்பல் சீட்டு, தங்க இடம், வக்கீல் எல்லாம் வேண்டும். நம்மிடம் வாய்தான் இருந்தது, அதுவும் உன் வாய்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர், அண்ணன் என்பதற்கு அவர் பாஷையில் தாதா என்று கூப்பிடுவோமே அந்த வங்காளி, வழி காட்டினார். பெண்களின் உரிமைக்காகப் பாடுபடுகிற சங்கங்களுக்கு மானியம் கொடுக்கிற அறக்கட்டளை ஒன்று மெட்ராசில் இருக்கிறதாம். அவரே இங்கிலீஷில் எழுதிப் போட்டார். எங்கள் ஆள் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று பதில் வந்தது.

நேரில் வந்து பார்ப்பதா! நமக்குத் தெரிந்து அப்படி வருகிறவர் ஒருவர்தானே, தோட்டத்துப் பெரிய துரை. துரை வருகிறார் என்றால் லயத்து வீட்டு வரிசைக்குச் சுண்ணாம்பு அடி, சாக்கடைக் கானைக் கழுவு, பிள்ளைக்குத் தலை சீவு. கிழிசல் ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டால் கங்காணியிடம் யார் ஏச்சு வாங்குவது? கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. உன் வீட்டு வாசலில் தென்னோலைத் தோரணம். கம்பவுண்டரின் நாற்காலி. கடைக்காரரின் ரேடியோ. பக்கத்து வீட்டுத் தெலுங்கக்காவின் பட்டுச்சேலை உன் உடம்பில். யார் யார் வீட்டுச் சர்க்கரையோ சேர்ந்து கேசரியாகி இருந்தது.

வந்த மேடம் நல்ல மனுஷி. நாற்காலியில் உட்கார்ந்து, ரேடியோ கேட்டு, கேசரியை ருசித்துச் சாப்பிட்டார். பிறகு உன் பட்டுச்சேலையை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா. நீங்க நல்லாவே இருக்கீங்க. எங்க உதவி கஷ்டப்படறவங்களுக்குத்தான் போகணும், தப்பா நினைக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். நீ கேசரிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். வீடு போச்சு என்றே நினைத்தேன்.

ஆனால் நம் தீவுக் கப்பல் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது? கடல் கொந்தளிப்பென்று அது பக்கத்துத் தீவான கமோர்ட்டாவிலேயே நின்றுவிட்டது. போக வழியில்லாத மேடம், மறுநாள் காலை சும்மா பேசிவிட்டுப் போகலாம் என்று உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்த சூடு ஆறவில்லை, வாசலில் கம்பவுண்டர்.

"தீதி, மேரா குர்சி தே தோ! டிஸ்பென்சரி மே பேஷண்ட் கடா ஹை!"

தன் நாற்காலி வேண்டுமாம், அது இல்லாமல் நோயாளி நின்றுகொண்டிருக்கிறாராம். மேடம் பதறி எழுந்தார். நாற்காலி போனது. உடனே தெலுங்கக்கா வந்து சேர்ந்தாள். "அக்கா, நா சீரா? மத்தியானம் கல்யாணத்துக்குப் போணும்." கொடியில் கிடந்த பட்டுச்சேலை போனது. கடைக்காரர் வந்து ரேடியோவைத் தூக்கினார். நீ திருடி மாதிரி முழித்துக்கொண்டு நின்றாய். மேடம் வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இந்த வீட்ல உங்களோடது எதுதாம்மா?"

நீ யோசிக்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "நானும் இவளும்தான் மேடம்" என்றாய்.

அடி பாவி! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மேடம் சிரித்தார் பார், நிற்க முடியவில்லை, உட்கார நாற்காலியும் இல்லை. தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அப்ப நேத்து ஏம்மா அப்படி?" என்று கேட்டார்.

"வந்தவங்ககிட்ட கிழிசலக் காட்டினா வெக்கக்கேடு இல்லீங்களா? எங்க பழக்கம் அது" என்றாய். பிறகு என் வீட்டுக்குக் கூட்டிப்போய் அரிசிப் பானையைத் திறந்து காட்டினாய். உள்ளே ஒன்றுமில்லை. என் கதையைச் சொன்னாய். ஊரார் இதையெல்லாம் ஏன் இரவல் கொடுத்தார்கள் என்று மேடம் கேட்டார். "இவ வீடு போயிரக் கூடாதுன்னுதான்" என்றாய். மேடம் பானையை மூடிவைத்தார். "இத நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார்.

மழைக்காலம் முடிந்து மானியம் வந்தது. போர்ட் பிளேயர் ஆபீசில் வக்கீல் பேசி முடித்ததும், குடும்பத் தலைவர் யார் என்று அதிகாரி கேட்டார். நீ முழங்கையால் என் விலாவில் இடித்தாய். "நான்தான் சார்" என்றேன். என் குரலா அது! கார்டு என் பேருக்கு மாறியது, வீடும் என்னிடமே நின்றது. திரும்பும் கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்தாய், இடையிடையே "தலைவரே, தண்ணி குடுங்க" என்று என்னைக் கேலி செய்தாய். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான பயணம் வேறு இல்லை. அடுத்த கப்பலில் மற்றப் பெண்கள் போனார்கள். சங்கத்துக்கு மட்டும் நீ கடைசிவரை நாற்காலி வாங்க விடவில்லை. "வாங்கினா மறுபடி நல்லாருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க" என்பாய். யாராவது எங்கேயாவது உதவி கேட்கப் புறப்பட்டால், "தலையச் சீவிக்க, பானையத் தொறந்து வை" என்று சொல்லி அனுப்புவாய்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் என்னையும் கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். அவர்கள் சங்கமும் பெண்கள் பேரில் வீட்டுமனை கேட்டுத்தான் அலைகிறது. மகள் பட்டுச்சேலையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று நூல்சேலையிலேயே போனேன். மெயின்லேண்டிலிருந்து வந்த பையன் பணிவானவன், நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தான். நம் கதையை ஒன்று விடாமல் கேட்டான்.

"ஆரம்பிச்சப்ப உங்க சங்கத்துக்குன்னு என்னம்மா இருந்தது?" என்றான்.

பக்கத்தில் இழுத்து நிறுத்த உன் கை இல்லை. இருந்தாலும் நான் யோசிக்கவே இல்லை.

"நானும் அவளும்தான் தம்பி" என்றேன்.