ஞாயிறு நான்கு மணிக்கு விழுந்த அடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது தோள்பட்டையைத் தவிர. அந்தத் தீவில் நீ தலைமுதல் கால்வரை சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு ரேடியோவில் நீ பேசும்போதே நான் காணாமல்போனதற்குக் காரணம் மின்சாரம் இல்லை, உன் அம்மா. என் பழைய வால்வு டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டாயிரம் வோல்ட் கொடுக்கும் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் கட்டியிருக்கிறேன் அல்லவா, மூன்று மாதமாக நாங்கள் தையல் மெஷின்மேல் தட்டு வைத்துத்தான் சாப்பிடுகிறோம். அதில் கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் உன் பெரிய அத்தை மாதிரி, சுவிட்சை அணைத்தாலும் உள்ளே இருப்பது இறங்காது. அதை இறக்க ஒரு ரெசிஸ்டர் போட்டேன், மூடியைத் திறந்தால் கரண்ட் நின்றுபோகும்படி செய்தேன், இரண்டு கையாலும் தொட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும் என்று இடது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைக்கப் பழகினேன். இப்போது பல் தேய்க்கும்போதும் அந்தக் கை பைக்குள் போய்விடுகிறது, இதையும் ஒற்றைக் கையால்தான் எழுதுகிறேன், காகிதம் நகராமலிருக்க அம்மா உப்பு ஜாடியை வைத்திருக்கிறாள்.

இத்தனையும் போதாதென்று, நான் அசையாமல் நின்றால் ஷாக் என்று அர்த்தம், உலர்ந்த கட்டையால் அடித்துத் தள்ளிவிடு என்று அவளிடம் சொல்லிவைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். ஒரு வாரம் தலையணையை அடித்துப் பழகினாள். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் அதிலிருந்து என்னிடம் ரொம்பவும் அன்பாக இருக்கிறார். ஞாயிறன்று உன் குரல் வந்தது. வானிலை நிலையத்தில் உன் இரண்டு வருடம் முடிகிறது, திரும்புவாயா இன்னும் இரண்டு வருடம் இருப்பாயா என்று சொல்லப்போகிறாய் என்று தெரியும். அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன் என்றாய். நான் எழுந்து நின்றுவிட்டேன், ஒரு கை பெட்டிமேல், ஒரு கை பைக்குள், மூச்சுகூட விடவில்லை போலிருக்கிறது. கட்டை இறங்கியது. ஹெட்போன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெரிய கண்ணாடி வால்வு தரையில் தூள். அசையாம நின்னா அடின்னு நீங்கதானே சொன்னீங்க என்றாள். பாப்பா வர்றாளா இல்லையா என்று கேட்டாள், அதைக் கேட்பதற்குள்தான் அடி விழுந்துவிட்டதே. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஒரு அடியில் மகளையே திருப்பி அனுப்பிவிட்டதுபோல் இருக்கிறாள், எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

புது வால்வு வந்துவிடும். அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான்கு மணிக்கு, முதலிலிருந்து, முழு வாக்கியமாகச் சொல். எங்களுக்காக முடிவை மாற்றாதே. மழையில் ஆன்டெனா கம்பத்தில் ஏறாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாயிருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். இந்த முறை ஹெட்போன் அம்மா காதில், காவல் நான். நீ எதைச் சொன்னாலும் அவள் அசையாமல்தான் நிற்பாள். நான் அடிக்கமாட்டேன். பெட்டியை அணைத்துவிட்டு, அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

உன் அப்பா