எலியின் தலையில் வைத்த சத்தம்

மேல் டிவிஷன் லயம்,
றக்வானை.
நவம்பர் 2009

அன்பு மகள் ஷாமிளாவுக்கு அம்மா எழுதுவது. அந்த ஊர்ப் பனியில் சளி காய்ச்சல் அண்டாமல் மாரியம்மா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அதற்காகப் பயந்துவிடாதே, கடைசி வரை வாசி. மழை விட்டபாடில்லை, மலையில் கால் வைத்தால் அட்டை, ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறித்து முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அது போகட்டும், நான் எழுத வந்தது அப்பாவைப் பற்றி. போனில் சொல்லலாம் என்றால் உன் பேர் விழுந்ததுமே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது.

நீ போன தடவை உன் ஆய்வுகூடத்துக் கதையைச் சொன்னாய். மண்டையைத் திறக்காமல், கத்தி படாமல், காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை வெளியில் இருந்தே மூளையில் ஒரு பொட்டு இடத்தில் குவிப்பதாகவும், அப்போது தூங்குகிற சுண்டெலியின் கால் தானாக அசைவதாகவும் சொன்னாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பாவுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. எலியின் காலை அசைக்க முடிந்தால் நடுக்க வியாதியில் ஆடுகிற தன் கையை நிறுத்தவும் முடியும் என்று முடிவு கட்டிவிட்டார். வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேனும் இந்த மாதிரிச் சத்தம்தான் என்று நீ சொன்னாயே, அப்படியானால் இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலேயே தலையில் வைக்கச் சொல்லலாமே என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தார். நீ வாய் தவறிச் சொன்ன இன்னும் இரண்டையும் பிடித்துக்கொண்டார். எலிக்கு முதலில் முடியை வழிப்போம் என்றாய், வேறு மருந்து எதுவும் கொடுக்க மாட்டோம் என்றாய். காவடிக்கு விரதம் பிடிக்கிற மாதிரி இரண்டையும் பிடித்துவிட்டார்.

நான் மலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து டவுனுக்கு இறங்கிப் போய் மொட்டை அடித்திருக்கிறார். வயசானவர் வந்து தலையைக் கொடுத்தால் பார்பர் என்ன நினைப்பார், கேட்காமலே மீசையையும் எடுத்துவிட்டார். கூடலூரில் இருக்கிற பெரியப்பா போய்ச் சேர்ந்த செய்தி வந்திருக்கிறது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. நான் கொழுந்தை எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன், வாசலில் செருப்பும் குடையுமாகக் குவிந்து கிடக்கிறது, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தலைவிரி கோலமாக நிலைப்படியில் இருக்கிறாள், துக்க வீட்டில் அடுப்புப் பற்றக்கூடாது என்று யாரோ தங்கள் வீட்டில் ஆக்கிய சோற்றைப் பானையோடு கொண்டுவந்து இறக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு உன் முகம்தான் வந்தது ஷாமிளா. கூடையை எங்கே போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. உள்ளே போனால் மொட்டைத் தலையோடு அப்பா உட்கார்ந்திருக்கிறார். யாரும் சாகவில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று இவர்கள் இன்னும் சத்தமாக அழுதிருக்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கொண்டுவந்த சோற்றையும் எல்லாருமாகச் சேர்ந்து சாப்பிட்டோம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மொட்டை கிடக்கட்டும், முடி வளரும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய நடுக்கம் திரும்பிவிட்டது, அதோடு உடம்பும் விறைத்துப் போகிறது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் படியில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். மாத்திரையை நீட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். கிளினிக் டாக்டர் சிங்களத்தில் எவ்வளவோ தன்மையாகச் சொன்னார், அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். திட்டினேன், அழுதும் பார்த்தேன். அதற்கு அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். “பாப்பா செய்யிற வைத்தியத்துக்கு வேற மருந்து ஒடம்புல இருக்கப்படாது. எலிக்குப் பதிலா என்னைய வச்சிப் பாக்கச் சொல்லு, நா அசையாமப் படுத்துக்குவேன்.” இந்தக் கையை வைத்துக்கொண்டு அசையாமல் படுப்பாராம்.

அவர் என்னை நம்ப மாட்டார், நீ சொன்னால் கேட்பார். அதற்காக மாத்திரை போட்டால்தான் மெஷின் வேலை செய்யும் என்று பொய் எழுதாதே, பிறகு அதையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளதை எழுது. இது இன்னும் மனிதருக்கு வரவில்லை, வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது, அப்பா காலத்தில் வராமலும் போகலாம், மாத்திரையை விடக்கூடாது என்று எழுது. நானே சொல்லியிருப்பேன், ஆனால் வாய் வரவில்லை. அவர் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது இந்த இடமாக இருக்குமோ, இந்த இடமாக இருக்குமோ என்று நானும் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்க்கிறேன் மகளே. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, அதனால் நீதான் சொல்ல வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு கட்டாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வேலை செய்யாதே. நீ தொட்டது எல்லாம் துலங்க வேண்டும், எந்த ஊரில் எந்த அப்பாவுக்காவது உன் வேலை உதவ வேண்டும். கடிதத்தை மறக்காமல் அப்பா பேருக்கே போடு. அவர் விரலால் உறையைப் பிரிக்க முடியாது, என்னிடம்தான் நீட்டுவார். மாத்திரையை விழுங்கினால் பிரித்துத் தருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமாயி