நாற்காலியில் இருப்பவருக்கு முகம் வேண்டுமாம்

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவரும் சித்திரக்கதைக் கம்பெனிக்காரரும் ஒரே நாளில் வரச்சொல்லியிருந்தார்கள். முன்னவரிடம் ஒரு பல் போயிற்று. பின்னவரிடம் எது போகும் என்பது இனிமேல்தான் தெரியும்.

'எதிர் நாற்காலி'யைத் தொடரப் போகிறார்களாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதத் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் தொலைக்காட்சிக்காரர்கள் பாதியில் நிறுத்திய தொடர். ஒரு பெண் வாடகைக்கு வீடு எடுக்கிறாள். முன்பு அங்கே குடியிருந்து இறந்தவர் இன்னும் காலி செய்யவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் கதை. அவரை ஒருநாளும் காட்டியதில்லை; அவர் குரலும் கேட்டதில்லை. அவள் பேசுவாள், காது கொடுப்பாள், சிரிப்பாள். மீதி பார்ப்பவர் பாடு. இதைக் கலைநுட்பம் என்று பிற்பாடு கட்டுரைகள் எழுதினார்கள். உண்மையில் இன்னொரு நடிகரை வைத்துக்கொள்ள எங்களுக்கு வக்கில்லை.

கடைசிப் பகுதியில் அவள் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போறதுன்னா போங்க, நான் தடுக்கல" என்பாள். அதோடு நின்றுவிட்டது. போனாரா, இருந்தாரா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. கண்புரை எடுத்த மருத்துவர்கூடக் கேட்டார், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு.

இனி அது அசையும் சித்திரக்கதையாக, கைப்பேசியில் பார்க்கும்படி வரும். கம்பெனியின் மேலாளர் பண்பான மனிதர். "அம்மா, ஒண்ணே ஒண்ணுதான். ஆவிக்கு ஒரு முகம் வேணும். படக்கதைன்னா படம் பாக்கத்தானே வருவாங்க?" என்றார்.

நான் கையெழுத்திடாமல் அவர்கள் ஒரு கோடும் இழுக்க முடியாது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

யோசித்தேன். முகம் கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

முதல் மாடியில் மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. மூன்றாம் மாடியில் என் வீட்டிலிருந்து இறங்கும்போதே சண்டையின் வாசனை வந்தது.

அந்தத் தொடரின் நாயகி இப்போது என் சம்பந்தி; இதே கட்டடத்தில்தான் இருக்கிறார். படப்பிடிப்புத் தளத்தில் விளக்குக் கம்பிகளுக்கிடையே ஓடி விளையாடிய அவர் மகனும் என் மகளும் பிற்காலத்தில் எங்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்கள். அதற்குமுன் நாங்கள் ஒருவரையொருவர் 'நீ' என்போம். சம்பந்தம் ஏற்பட்டபின் 'நீங்க'. கோபம் வந்தால் பழையது திரும்பிவிடும்.

கம்பெனியிலிருந்து அவரையும் அழைத்திருக்கிறார்கள், நாயகிக்குக் குரல் கொடுக்க.

"முகம் வரைஞ்சா உங்க எழுத்து தேஞ்சிடுமா?" என்றார்.

"பாத்தவங்க ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள ஒரு முகம் வச்சிருக்காங்க. அதை அழிக்க நாம யாரு?"

"என்னை நடிக்கக் கூப்பிட்டே நாளாச்சு."

"போன வருஷம்கூட ஒரு தொடர்ல வந்தீங்களே."

வந்தார்தான். சுவரில் மாட்டிய, இறந்துபோன தாயாரின் புகைப்படமாக. அதற்கு ஒத்திகை இருந்ததா என்று நான் அடுத்துக் கேட்டிருக்க வேண்டாம்.

"நீ மாடியில உக்காந்து கொள்கை பேசு. என் தொண்டையில குரல் இருக்கறப்பவே நான் அந்தக் கதவைச் சாத்தணும். முப்பது வருஷமா திறந்து பிடிச்சிட்டு நிக்கறேன். கை கடுக்குது."

மாப்பிள்ளை தட்டுக்குள் புதையல் கிடைத்தவர்போலக் குனிந்துகொண்டார். இரண்டு அம்மாக்களுக்கு நடுவே வாழ்ந்து பழகியவர். மகள்தான், "அம்மா, அத்தை, சூப் ஆறுது" என்றாள்.

ஆறித்தான் போயிற்று.

மார்ச் 15, சனி

ஓவியரின் பணியறைக்குப் போனேன். நாற்பதைத் தாண்டிய பெண்மணி; மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுகிறவர். பள்ளியில் படிக்கும்போது எங்கள் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தாராம்.

ஒரு கட்டு முகங்கள் வரைந்து வைத்திருந்தார். ஒன்று கடன் மறுக்கும் வங்கி அதிகாரி. ஒன்று பற்பசை விளம்பரம். ஒன்று தற்செயலாக என் காலஞ்சென்ற கணவரின் சாடை. அந்த முகத்தை ஒரு பிறவியில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று தள்ளிவைத்தேன். ஓவியருக்கும் எதுவும் பிடிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சவர் இவங்கள்ல யாரும் இல்லம்மா" என்றார்.

பிறகு சுவரைக் காட்டினார். தொடரிலிருந்து எடுத்த படங்கள், ஆண்டு வாரியாக. எல்லாவற்றிலும் சம்பந்தியின் முகம், எதிர் நாற்காலியைப் பார்த்தபடி. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஒரு நூலைப் பார்வையின் போக்கில் இழுத்து ஊசி குத்தியிருந்தார். முதலாண்டு நூல் நேராகப் போகிறது. அப்புறம் சரிகிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு சாணுக்கும் மேல் இறங்கியிருக்கிறது.

"அவருக்குக் கூன் விழுந்துட்டே வருது பாருங்க. அந்தம்மாகூடச் சேந்து அவரும் கிழவராகறாரு. செத்தவருக்கு வயசாகணும்னு அவசியமே இல்ல. ஒரு மரியாதைக்காக ஆகறாரு. சின்ன வயசுல இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்குச் சாப்பாடு இறங்கல. எப்படி எழுதினீங்க?"

நான் எழுதவில்லை. என் பிரதியில் கூன் என்ற சொல்லே கிடையாது. பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முகபாவத்தோடு படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆனால் யார் செய்தது? எதற்கு?

மார்ச் 16, ஞாயிறு

கோபத்தில் இருப்பவரிடம் நேராகக் கேட்பதே நல்லது. சுற்றி வளைத்தால் இன்னும் கோபிப்பார்கள்.

"எதிரே யாரை நெனச்சுப் பேசினீங்க, அந்த அஞ்சு வருஷமும்?"

சம்பந்தி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார். "துடைப்பக்கட்டை."

கேமராவுக்குத் தெரியாதபடி ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து, சிவப்புத் துணி கட்டிய துடைப்பக்கட்டையைத் தூக்கிப் பிடித்திருப்பானாம். ஆவியின் கண் அங்கே இருக்கிறது என்று பொருள்.

"மொதல்ல ஒரு நெட்டைப் பையன். அவனுக்கு வேற வேலை கெடச்சுப் போயிட்டான். அப்புறம் வந்தவரு குட்டை. அவருக்குத் தோள்ல வலி வேற. காட்சி நீள நீளக் கட்டை இறங்கும். கடைசி வருஷம் மடியிலயே வச்சுக்கிட்டாரு. நானும் பாவம்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், எங்க வீட்டுக்காரரைவிட அந்தக் கட்டை ஒழுங்காக் காது குடுத்துக் கேட்டுச்சு."

ஆக, ஓர் ஆளின் தோள்வலி ஓர் ஆவியின் அன்பாகிவிட்டது. முதுகலைப் பட்டமும் ஆய்வேடும் வைத்திருக்கும் நான் எழுதியவற்றில் ஆகச் சிறந்தது நான் எழுதாதது.

மார்ச் 20, வியாழன்

ஓவியரை மகள் வீட்டுக்கு வரவழைத்து, துடைப்பக்கட்டையின் வரலாற்றைச் சொல்லிவிட்டோம். உடைந்துபோவார் என்று எண்ணினேன்.

"இருக்கட்டுமேம்மா. கட்டை பிடிச்சவருக்குத் தோள் வலிச்சுது, நாற்காலிக்காரருக்கு வயசாச்சு. ரெண்டும் நடந்ததுதானே" என்றார். பிள்ளைப் பருவத்தில் கிடைத்ததை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் சிலர்.

பேச்சு தொழிலுக்குத் திரும்பியது. அசையும் சித்திரக்கதையில் படங்கள் நின்றுதான் இருக்குமாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்றை மட்டும் அசைப்பார்கள்: மழை, திரைச்சீலை, தேநீர் ஆவி. அதற்குமேல் செய்ய ஆளும் இல்லை, நாளும் இல்லை.

"பழைய நெலமைதான்னு சொல்லுங்க" என்ற சம்பந்தி, எங்களுக்கு எதிரே அமர்ந்து, "அவரு இப்படித்தான் வருவாரு" என்று காட்டினார். தலையைத் திருப்பவில்லை. புருவம் உயரவில்லை. கண்மணிகள் மட்டும் சன்னலில் தொடங்கி, அலமாரியைக் கடந்து, மேசையைச் சுற்றி, என் பக்கத்து நாற்காலிக்கு வந்து, இறங்கி நின்றன.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். ஓவியரும் பார்த்தார். அங்கே மாப்பிள்ளையின் ஈரத்துண்டு கிடந்தது.

"அது மட்டும் அசையட்டும்," என்றார் ஓவியர். "வேற எதுவும் வேண்டாம்."

அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மேலாளருக்கு ஐயம் தீரவில்லை. "அம்மா, வெறும் கண்ணை வச்சு யாரு பாப்பாங்க? மேலிடத்துல முகம் இல்லாம ஒத்துக்க மாட்டாங்க." ஒரே ஒரு காட்சி செய்து காட்டலாம்; மாத முடிவுக்குள் திருப்தி ஏற்படாவிட்டால் திட்டத்தையே கைவிடுவார்களாம்.

படிக்கட்டில் சம்பந்தி வழிமறித்தார். கேட்கவில்லை, நின்றார், அவ்வளவுதான். கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

"இது தேறலைன்னா, முகத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்," என்றேன். "அந்தப் பற்பசைக்காரனே வந்து உக்காரட்டும்."

சொல்லிவிட்டு மேலே வந்தேன். பிடிக்கவில்லை. சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

மூன்று மாடிக்கும் கேட்கும்படி சம்பந்தியின் குரல் பயிற்சி. கீழ்த்தளத்துத் தையல்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்.

என் பங்குக்கு, கதவுக் காட்சியின் பின்பாதியை எழுதி முடித்தேன். முப்பது ஆண்டுகளாகத் தெரியாது தெரியாது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரே வரிதான் தேவைப்பட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பெனியின் சிறிய திரையிடும் அறை. முன்வரிசையில் மேலாளர், கால்களை நீட்டிச் சாய்ந்தபடி. பின்னால் நாங்கள் மூவரும். சம்பந்தி என் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்த வலி இன்னும் இருக்கிறது.

அதே சமையலறை. அதே கதவு. அதைத் திறந்து பிடித்திருப்பவளுக்கு இப்போது நரைத்த தலை, கழுத்தில் சுருக்கம். எல்லாம் அசையாத ஓவியம். "போறதுன்னா போங்க, நான் தடுக்கல" என்கிறது குரல். கரகரப்புத்தான், ஆனால் அதே குரல்.

கண்கள் அசைகின்றன. எதிர் நாற்காலியில் தொடங்கி, ஒருவர் சிரமப்பட்டு எழுவதைப்போல மெல்ல உயர்கின்றன. முழு ஆள் உயரத்துக்கு அல்ல, கூன் அளவுக்கு. வாசலை நோக்கி வருகின்றன. அருகில் வந்து நிற்கின்றன. நெடுநேரம் நிற்கின்றன.

பிறகு, வந்த வழியே திரும்புகின்றன. நாற்காலிவரை போய், இறங்குகின்றன.

"உக்காருங்க. சூப் ஆறுது."

கதவு சாத்தும் ஒலி. விளக்கைப் போட்டார்கள்.

மேலாளர் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். நீட்டியிருந்த கால்களை எப்போது மடக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. யாரோ கடந்து போவதற்கு வழிவிடுவதைப்போல ஒதுக்கி வைத்திருந்தார்.

"கொஞ்சம் இளைச்சுப் போயிட்டாரு, இல்ல?" என்றார்.

அதன்பின் முகத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

ஜூன் 14, சனி

முதல் பகுதி வெளியாயிற்று. பழைய தொடரை இயக்கியவர் மறைந்து பல காலம். அவரிடம் காட்ட முடியாது. இருந்திருந்தால் கட்டையைப் பிடித்தவரை அன்றே மாற்றியிருக்கலாம் என்று வருந்துவார். அதுவும் நல்லதற்கே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பார்த்தவர்களின் கடிதங்களைக் கம்பெனியிலிருந்து அனுப்புகிறார்கள். ஒருவருக்கு ஆவியின் மீசையை எடுத்துவிட்டது பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு, இவ்வளவு கறுப்பாக வரைந்ததற்கு நன்றி. தன் தாத்தாவும் அப்படித்தானாம். கண் மருத்துவர், "அப்போ போகல" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மதியம் மகள் வீட்டில் சாப்பாடு. நால்வருக்கு ஐந்து நாற்காலி. வழக்கம்போல என் கைப்பையைக் காலி நாற்காலியில் வைக்கப் போனேன். சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை. அந்த நாற்காலியை, இருக்கைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பார்வை பார்த்தாள்.

"உனக்கு உப்பு போதுமா?" என்று அதே மூச்சில் என்னைக் கேட்டாள். கோபம் ஏதும் இல்லை. போதும் என்றேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வசதியாக இல்லை.