சாம்பல் விழாத மொட்டை மாடி

மாமாவுக்கு, குவைத்துலேர்ந்து ஜானட். உன் இருமல் வுட்டுச்சா? வேளைக்கு துன்றியா? நான் நல்லா கீறேன்.

வெயிலு வந்துச்சேன்னு ஆசையா மாடியில கூழ் வடாம் இட்டேன். எண்ணூருல பவர் ஹவுஸ் சாம்பலு வுழும்னு உன் லுங்கியால மூடுவோமே, அந்தப் பயக்கத்துல வேலை செய்ற வூட்டு மேடமோட சால்வையைப் போட்டு மூடிட்டேன். இங்க ஏது சாம்பலு? மேடம் கத்திட்டு, வடாத்தைக் குப்பையில கொட்டிட்டு, என் போனையும் புடுங்கிகிச்சு. அவ்ளோதான், பேஜாராவாத.

நாம வெக்கலாம்னு இருந்த வடாம் கடை இன்னும் கனாவுல வருது. ஊருக்கு வர்ற எல்சி அக்காகிட்ட இந்த லெட்டரைக் குடுத்தனுப்புறேன். அது திரும்பி வரும்போது கொஞ்சம் வடாம் குடுத்துவுடு. அந்த லுங்கியையும் வெச்சுவுடு, தோய்க்காத.

அக்காவுக்கு வண்டி வந்துடுச்சு. வடாம்லாம் வேணாம் மாமா. எப்டியாவது என்னை இட்டுகினு போயிடு.

ஜானட்